தேவதைகள் வேண்டாம், ஆசிரியைகள் வேண்டும்

ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் நாள் வந்துவிட்டால் நமது நாட்டின் வைத்தியசாலைகளிலே விளக்குகள் ஏற்றப்படுகின்றன. புளோரன்ஸ் நைற்றிங்கேல் பிறந்த நாளாகிய அன்று மேடைகள் எழும், மாலைகள் விழும், அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் தாதியரைத் தாய் என்பர், தேவதை என்பர், உருகி ஒளிதரும் மெழுகுவர்த்தி என்பர். மறுநாட் காலையில் அந்தத் தேவதை தன் விடுதிக்குத் திரும்பும்போது நேற்றிருந்த அதே நோயாளர் கூட்டமும், நேற்றிருந்த அதே ஆட்பற்றாக்குறையும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. ஒரு நாட் புகழ்ச்சியைக் கொடுத்து ஓராண்டின் கடனைத் தீர்த்துவிட்டதாக மேடையிலிருந்து இறங்குவோர் எண்ணிக்கொள்கின்றனர்.

இப்புகழ்மொழிகளை நாம் எதிர்க்கின்றோம். தாதியர்மீது நமக்கு மதிப்பு உண்டு. அம்மதிப்பே நம்மை எதிர்க்கச் சொல்கிறது. தாதியைத் தேவதையாக்கும்போது அவளுடைய தொழிலின் உயிர்நாடியான அறிவு கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. தேவதைக்கு நியாயமான சம்பளம் வேண்டியதில்லை; ஓய்வு வேண்டியதில்லை; எல்லாவற்றிற்கும் மேலாகத் தேவதைக்கு ஆசிரியர் வேண்டியதில்லை. தொழிலாளிக்கோ இவையாவும் வேண்டும். தாதி ஓர் அறிவுத் தொழிலாளி. அவ்வறிவை அவளுக்கு நோயாளியின் கட்டிலருகே நின்று ஊட்டுபவர் தாதியர் போதனாசிரியர். நமது சுகாதார சேவையிலே எவராலும் காணப்படாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் இவரே. மாலையும் அவருக்கில்லை, மேடையும் அவருக்கில்லை. அவருக்குரிய நேரங்கூட அவருக்கில்லை. அந்த ஆசிரியரைப் பற்றியும், அவரைப் புறக்கணிப்பதனால் ஏழை மக்கள் கொடுக்கும் விலையைப் பற்றியுமே ஈண்டுப் பேசுகின்றோம்.

இருபது நிமிடத்தின் கல்வி

நாம் வாழும் வரிப்பத்தான்சேனை, இறக்காமக் குளத்தின் அயலிலே நெல்வயல்களை நம்பியிருக்கும் முஸ்லிம் மக்களின் ஊர். வயலை நம்பி வாழ்பவனுக்குப் பாம்பு அயலவன். கண்ணாடி விரியன் தீண்டிய ஒரு விவசாயியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவனது இரத்தத்திலே நஞ்சு ஏறிவிட்டதா என்பதை அறியப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. புதிதான, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் ஒன்றிலே சிறிதளவு இரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசையாமல் நிறுத்திவைத்து, பின்னர் ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்த்தாற் போதும். இரத்தம் உறையாமல் நீராய் ஓடினால் நஞ்சு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. நஞ்செதிர் மருந்து உடனே வேண்டும்.

எவ்வளவு எளிய சோதனை! ஆயினும் சவர்க்காரத் தூள் கொண்டு கழுவிய குழாயை எடுத்தால் முடிவு பிழைக்கும். பிளாஸ்திக் குழாயை எடுத்தாலும் பிழைக்கும். பொறுமையிழந்து பத்தாம் நிமிடத்திலே குழாயை ஆட்டிப் பார்த்தாலும் பிழைக்கும். மருந்து ஏற்றத் தொடங்கிய பின்னரும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கி, சில நிமிடங்களில் இரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடும். உடலில் முதற் தடிப்புத் தோன்றும்போதே அதைக் கண்டு மருந்தை நிறுத்தி வைத்தியரை அழைக்கும் கண்கள் அங்கே இருக்க வேண்டும். அந்தக் கண்கள் தாதியின் கண்கள். அவற்றிற்குப் பார்க்கக் கற்பித்தவர் போதனாசிரியர். புத்தகத்தில் ஒரு பந்தியாக வாசித்ததை, ஒரு மனிதனின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும் இரவு இரண்டு மணிக்குப் பிழையின்றிச் செய்யும் கையாக மாற்றுவதே அவர் தொழில்.

டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளாயினர். நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம்மைப்போலவே கிழக்கின் முஸ்லிம் ஊராகிய கிண்ணியா அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பலத்த அடி வாங்கிற்று. இந்நோயின் வஞ்சகம் எங்கே இருக்கிறது? காய்ச்சல் தணியும்போதுதான் பலருக்கு ஆபத்துத் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் அந்த ஒன்றிரண்டு நாட்களிலே நோயாளி எழுந்து உட்காருவான், பேசுவான், காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று உறவினர் கேட்பார்கள். அவ்வேளையில் இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு 20இற்கு இறங்கிவிட்டதா, சென்ற மணித்தியாலத்தில் சிறுநீர் எவ்வளவு போயிற்று, கைகால் குளிர்ந்துவிட்டதா என்று குறித்துக்கொண்டிருக்கும் தாதியே அவனுக்கும் மரணத்திற்கும் இடையில் நிற்பவள். மேல் எண் மாத்திரம் சரியாயிருக்கிறதென்று நிறைவடையும் தாதியும், இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனிக்கும் தாதியும் ஒரே வெள்ளைச் சீருடையைத்தான் அணிந்திருக்கின்றனர். அவ்விருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு அன்பின் வேறுபாடன்று, கல்வியின் வேறுபாடு.

மாணவியா, கூலியற்ற கையா?

விளக்கேந்திய சீமாட்டி என்று மேடைதோறும் வர்ணிக்கப்படும் நைற்றிங்கேல் உண்மையில் யார்? கிரிமியப் போரின் சாவுகளை எண்ணிக் கணக்கிட்டு, வரைபடமாக்கி, ஆட்சியாளரின் முகத்திற்கு நேரே நீட்டியவர். 1858இல் இங்கிலாந்தின் புள்ளிவிவரக் கழகத்திற்குத் தெரிவான முதற் பெண். 1860இல் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் கல்விக்கூடம் ஒன்றை நிறுவச் செய்தவர். கணக்கும் கல்விக்கூடமும் அவருடைய உண்மையான விளக்குகள். நமது மேடைப் பேச்சாளர் இவ்விரண்டையும் மறைத்துவிட்டு எண்ணெய் விளக்கை மாத்திரம் எடுத்துவைத்துக்கொண்டனர். எண்ணெய் விளக்கு எவரையும் கேள்வி கேட்பதில்லையல்லவா?

அவர் காட்டிய வழியிலே உலகெங்கும் தாதியர் பாடசாலைகள் எழுந்தன. ஆனால் அவற்றை நடத்திய வைத்தியசாலைகள் மிக விரைவில் ஓர் இலாபகரமான உண்மையைக் கண்டுகொண்டன. மாணவி என்பவள் மலிவான கூலியாள். சம்பளம் கொடுத்துத் தாதியரை நியமிப்பதற்குப் பதிலாக, பயிற்சி என்ற பெயரில் இளம்பெண்களைச் சேர்த்து விடுதிகளை நடத்திவிடலாம். அமெரிக்காவிலே ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு ஜோசபின் கோல்ட்மார்க் தயாரித்து 1923இல் வெளிவந்த அறிக்கை இவ்வுண்மையை அம்பலப்படுத்திற்று. வைத்தியசாலையின் வேலைத் தேவைக்கு மாணவியின் கல்வி பலியிடப்படுகின்றது என்பதே அதன் சாரம். அதே 1923இல் யேல் பல்கலைக்கழகம், வைத்தியசாலையின் கைப்பிடியிலிருந்து விடுபட்டுத் தனித்து நிற்கும் தாதியர் கல்விக்கூடத்தைத் தொடங்கிற்று. பிரித்தானியாவில் இம்மாற்றம் வர மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1986இல் முன்வைக்கப்பட்ட 'புரொஜெக்ற் 2000' என்னும் திட்டமே, மாணவ தாதியரை விடுதியின் ஆட்கணக்கிற்குப் புறம்பானவராய்க் கருத வேண்டுமென்ற கொள்கையை அங்கே நிலைநாட்டிற்று.

நம்மிடையே நிலைமை என்ன? இறக்காமம், சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பகுதிகளிலிருந்து தாதியர் பயிற்சிக்குச் சென்று மீண்ட பிள்ளைகள் பலரிடம் நாம் பேசியிருக்கின்றோம். அவர்கள் சொல்வது ஏறத்தாழ ஒரே கதை. காலையில் விடுதிக்குள் நுழையும் மாணவி முதலிற் காண்பது தன் பாடத்தையன்று. ஆளில்லாமல் நிற்கும் வேலையை. படுக்கை விரிப்பது, வெப்பநிலை எடுப்பது, பதிவேட்டை நிரப்புவது, நோயாளியைத் தள்ளுவண்டியிற் கொண்டுசெல்வது யாவும் அவள் தலையில் விழுகின்றன. நூறாவது முறை வெப்பநிலை எடுக்கும் மாணவி முதல் முறை எடுத்தபோது கற்றதைவிட அதிகமாய் ஒன்றும் கற்பதில்லை. அதே விடுதியின் மூலையில், மூச்சுத் திணறும் ஒரு முதியவரின் கட்டிலருகே கற்க வேண்டிய நூறு விடயங்கள் அவளுக்காகக் காத்துக்கிடக்கின்றன. அங்கே அவளை அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அவரோ வருகைப் பதிவேடு, விடுமுறைக் கடிதம், பரீட்சை விண்ணப்பம், விடுதிச் சாப்பாட்டுக் கணக்கு ஆகியவற்றின் அடியிலே புதைந்து கிடக்கின்றார்.

இதனை நாம் தனிமனிதரின் சோம்பலாகக் கருதவில்லை. இது ஒரு முறையின் விளைவு. ஆட்குறைவை மாணவியைக் கொண்டும், எழுதுவினைஞர் குறைவைப் போதனாசிரியரைக் கொண்டும் நிரப்பிக்கொள்கின்ற நிர்வாகம், இரண்டு பேருடைய உழைப்பைச் சுரண்டுவதோடு மூன்றாமவரின் உயிரையும் பணயம் வைக்கின்றது. அந்த மூன்றாமவர் நோயாளி. தனியார் வைத்தியசாலைக்குப் போகப் பணமில்லாமல் அரசாங்க வைத்தியசாலையின் வாசலிலே வரிசையில் நிற்கும் விவசாயியும், மீனவனும், கூலியாளுமே அந்த நோயாளிகள்.

'படிப்பு எதற்கு?' என்பார்க்கு

தாதிக்கு வேண்டியது பொறுமையும் இரக்கமும். இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உளர். படித்தவர்களே இவ்வாறு கேட்பதுதான் வியப்பு. அவர்கட்கு இரண்டு சான்றுகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது சான்று நமது நாட்டினுடையது. 1940களின் நடுப்பகுதியிலே இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்தைந்நூறு அளவிற் தாய்மார் இறந்தனர். இன்று அந்த எண் நாற்பதிற்கும் கீழே வந்துவிட்டது. நம்மைவிடப் பன்மடங்கு செல்வமுடைய நாடுகளும் வியக்கும் சாதனை இது. மருந்துகளும் வீதிகளும் இதற்கு உதவின என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் ஒவ்வொரு கிராமத்திற்கும், ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அம்மருந்தைக் கொண்டுசென்றவர் பயிற்றப்பட்ட மருத்துவிச்சியரும் தாதியருமே. அதற்கு முன்னிருந்த தலைமுறைகளில் இரக்கம் இல்லாதிருந்ததா? பிரசவம் பார்த்த கிழவியரிடம் பொறுமை இல்லாதிருந்ததா? இரக்கமும் பொறுமையும் அன்றும் இருந்தன. இல்லாதிருந்தது பயிற்சி. அது வந்தபோது தாய்மார் பிழைத்தனர்.

இரண்டாவது சான்று ஐரோப்பாவினுடையது. லிண்டா எய்க்கன் என்ற அறிஞரும் அவரது குழுவினரும் ஒன்பது நாடுகளிலுள்ள 300 வைத்தியசாலைகளில், சத்திரசிகிச்சை பெற்ற 4,22,730 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் 'லான்செற்' இதழில் வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பிலே மேலும் ஒரு நோயாளி சேர்க்கப்படும்போது, முப்பது நாட்களுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 7 வீதம் கூடக் கண்டனர். பட்டப்படிப்புப் பெற்ற தாதியரின் பங்கு 10 வீதம் கூடும்போது அவ்வாய்ப்பு 7 வீதம் குறையவுங் கண்டனர். தாதியின் கல்வி ஓர் அலங்காரம் என்போர் இவ்வெண்களுக்கு விடை கூறட்டும்.

நமது நாட்டிலும் இதனை உணர்ந்தோர் இல்லாமற் போகவில்லை. தாதியர் போதனாசிரியர்களையும் விடுதித் தலைமைத் தாதியரையும் உருவாக்குவதற்கென்றே 1960இல் கொழும்பிலே ஓர் உயர்கல்விக்கூடம் நிறுவப்பட்டது. 1994இல் திறந்த பல்கலைக்கழகம் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கிற்று. பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன. வாசல்கள் திறக்கப்பட்டன. ஆனால் அவ்வாசல் வழியாகக் கற்று வெளிவந்தவரை நோயாளியின் கட்டிலருகே ஆசிரியராக நிற்கவிடும் ஏற்பாடு இன்னும் பிறக்கவில்லை.

'அந்தரமா இரிக்கி'

போதனாசிரியரின் பணியிலே மற்றொரு பெரிய இடர்ப்பாடு மொழி. தாதியரின் மூன்றாண்டுப் பயிற்சி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. நோயாளியோ ஆங்கிலத்தில் நோயுறுவதில்லை. நமது பகுதித் தாய் ஒருத்தி டெங்குக் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். அவள் தாதியிடம், 'வகுறு உளையுது, அந்தரமா இரிக்கி' என்கிறாள். வயிற்று நோவும் அமைதியின்மையும் இந்நோயின் அபாய அறிகுறிகளென்று மாணவி தன் ஆங்கிலப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறாள். ஆனால் பாடத்திலுள்ள ஆங்கிலச் சொல்லும், அத்தாயின் வாயிலிருந்து வந்த 'அந்தரம்' என்ற சொல்லும் ஒரே பொருளின் இரு பெயர்கள் என்பதை அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லையானால், அந்த அபாய அறிகுறி ஒரு முணுமுணுப்பாகக் காற்றிலே கரைந்துபோகும்.

தமிழும் சிங்களமும் பேசும் மக்கள் அடுத்தடுத்து வாழும் அம்பாறை மாவட்டத்திலே, தமிழறியாத தாதி தமிழ் பேசும் நோயாளியின் முன்னும், சிங்களமறியாத தாதி சிங்களம் பேசும் நோயாளியின் முன்னும் செய்கையாற் பேசி நிற்கும் நிலை புதிதன்று. அத்தாதியரை நாம் குறைகூறமாட்டோம். 1956இல் ஒரு மொழியை மாத்திரம் ஆட்சிமொழியாக்கி, 1987இலே தமிழையும் அரசகரும மொழியென்று சட்டத்தில் எழுதி, எழுதியதை வைத்தியசாலை விடுதி வரை கொண்டுவர மறந்த ஆட்சியாளரே குற்றவாளிகள்.

தமிழிலே மருத்துவம் கற்பிக்க இயலாது என்று கூறுவார்க்கு மானிப்பாய் விடை கூறும். 1847இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், 1860களிலே தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்துத் தமிழ் இளைஞரை வைத்தியராக்கினார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவ மருத்துவம் ஆகிய துறைகளில் தமிழ் நூல்களை ஆக்கினார்; கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். வேற்றுநாட்டார் ஒருவர், அச்சுப்பொறியும் எண்ணெய் விளக்கும் மாத்திரம் இருந்த காலத்திலே செய்ததை, நாம் இத்தனை பல்கலைக்கழகங்களை வைத்துக்கொண்டு செய்ய இயலாதென்று கூறுவது நமக்கே இழுக்கு. ஆங்கிலத்தை அகற்றுமாறு நாம் கேட்கவில்லை. உலக அறிவின் வாசல் அது. மாணவிக்கு அது வேண்டும். ஆனால் நோயாளியோடு பேசும் மொழியும், மாணவி உண்மையாக விளங்கிக்கொள்ளும் மொழியும் பாடத்திட்டத்தின் உள்ளே இருக்க வேண்டும். மட்டக்களப்புத் தமிழிலும், நமது முஸ்லிம் மக்களின் பேச்சிலும் நோய்களுக்கும் வேதனைகளுக்கும் வழங்கும் சொற்களைத் தொகுத்து மாணவ தாதியர் கையிற் கொடுப்பது ஒரு சிறு நூலின் வேலை. அதனைச் செய்யத் தகுந்தவர் போதனாசிரியரே. அதற்கு அவருக்கு நேரம் கொடுப்பார் யார்?

நமது வீட்டுக் கதவு

ஆட்சியாளரை மாத்திரம் சாடிவிட்டு நமது வீட்டுக் கதவை மூடிக்கொள்வது நேர்மையாகாது. நமது சமுதாயத்திலே ஒரு விந்தையான நியாயம் நிலவுகின்றது. தன் மனைவியின் பிரசவத்தைப் பெண்ணே பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறவர், தன் மகள் தாதியாவதற்குச் சம்மதிப்பதில்லை. இரவுக் கடமை ஆகாது என்கிறார்; அந்நிய ஆடவரைத் தொட்டுப் பணிசெய்வது குடும்பத்திற்கு இழுக்கு என்கிறார். அவ்வாறாயின் அவர் வீட்டுப் பெண்ணுக்கு இரவிலே பணிசெய்ய வரும் அந்தப் பெண் யார் வீட்டு மகள்? வேறொருவர் மகளின் உழைப்பைப் பெற்றுக்கொள்வது கௌரவம், தன் மகளின் உழைப்பைக் கொடுப்பது இழுக்கு என்றால், அந்தக் கௌரவத்திற்குச் சுரண்டல் என்பதே சரியான பெயர்.

மார்க்கத்தின் பெயரால் இதற்கு நியாயம் தேடுவோர் இஸ்லாமிய வரலாற்றையே புரட்டிப் பார்க்கட்டும். மதீனாவிலே பள்ளிவாசலின் அருகே கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பராமரித்தவர் றுபைதா அல்-அஸ்லமிய்யா. 627ஆம் ஆண்டின் அகழிப் போரிலே காயமடைந்த ஸஃது இப்னு முஆத் அவர்கள் இப்பெண்மணியின் கூடாரத்திற்கே கொண்டுசெல்லப்பட்டார் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். ஏனைய பெண்களுக்கும் அவர் இப்பணியைக் கற்பித்தார் என்பது மரபு. நைற்றிங்கேல் பிறப்பதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு தாதியர் போதனாசிரியையைப் பெற்றிருந்த சமுதாயம், இன்று அத்தொழிலைக் கண்டு முகஞ்சுளிப்பதா?

அதேவேளை, இக்கதவின் மறுபக்கத்தில் அரசாங்கம் இட்டிருக்கும் தாழ்ப்பாளையும் சுட்டிக்காட்ட வேண்டும். தலையை மூட விரும்பும் ஒரு பெண்ணுக்குச் சீருடையே தடையாக நிற்கின்றது. பிரித்தானியாவிலும் மலேசியாவிலும் தலைத்துணி அணிந்த தாதியர் விடுதிகளிலே பணியாற்றுகின்றனர். நோயாளர் எவரும் அதனாற் கெடவில்லை. நோய்த்தொற்றைத் தடுக்க முழங்கைக்குக் கீழே துணி இருக்கலாகாது, கை நன்கு கழுவப்பட வேண்டும் என்பது விஞ்ஞானம். அதை நமது பெண்களும் ஏற்க வேண்டும். தலையிலே எந்த வடிவத்துத் துணி இருக்க வேண்டும் என்பது பழக்கம்; அதனை அரசாங்கம் தளர்த்த வேண்டும். விஞ்ஞானத்திற்கும் பழக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டை இரு தரப்பாரும் அறிந்துகொண்டால் சச்சரவுக்கு இடமே இல்லை.

கட்டிடத்தின் அரசியல்

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்திலே மாத்திரம் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் பிணக்காடாயின. அதன்பின் உலகெங்கிருந்தும் உதவி வந்தது; கட்டிடங்கள் எழுந்தன. கட்டிடங்கள் வேண்டியவையே. ஆனால் அன்றுதொட்டு ஒரு நோய் நம்மைப் பற்றிக்கொண்டது. சுகாதாரம் என்றால் கட்டிடம், அபிவிருத்தி என்றால் பெயர்ப்பலகை என்று நினைக்கப் பழகிவிட்டோம். கல்முனை என்ற ஒரே நகரில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அவற்றிற்குள் எது பெரிது, எதற்கு என்ன தரம் என்று அரசியல்வாதிகள் வாதிடும்போது நாமும் இனவாரியாகப் பிரிந்து நின்று கைதட்டுகின்றோம். இரண்டிலும் பணிபுரியும் இளந்தாதிக்குக் கட்டிலருகே கற்பிக்க எத்தனை பேர் உளர் என்ற கேள்வியைத் தமிழரும் கேட்டதில்லை, முஸ்லிம்களும் கேட்டதில்லை. நஞ்சேறிய இரத்தம் தமிழனிடத்தும் முஸ்லிமிடத்தும் ஒன்றுபோலவே உறைய மறுக்கின்றது. அதைக் கண்டறியும் கல்வியும் இருவருக்கும் பொதுவானதே.

போதனாசிரியருக்கு நாடா வெட்ட முடியாது; பெயர்ப்பலகை திறக்க முடியாது. ஆகவே அவர் எந்த அமைச்சரின் சாதனைப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. 2022 ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தபின், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாமென்று சுற்றறிக்கை வந்தது. தாதியரும் சென்றனர். சென்றவரை நாம் தூற்றவில்லை. பிள்ளைகளின் பசிக்கு முன்னால் உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் அனுபவம் முதிர்ந்த ஒரு தாதி செல்லும்போது அவளோடு ஒரு பாடசாலையே சென்றுவிடுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலகிலிருந்த தாதியர் 2 கோடியே 98 லட்சம் பேர். பற்றாக்குறையோ 58 லட்சம். செல்வ நாடுகள் தமது பற்றாக்குறையை நமது வரிப்பணத்திற் பயின்றவரைக் கொண்டு நிரப்பிக்கொள்கின்றன. பயிற்றுவித்த நாடு இழக்கிறது. பயிற்றாத நாடு பெறுகிறது. இவ்வேளையிலே கற்பிப்போரைப் பேணாத நாடு, விதைநெல்லை அவித்துத் தின்னும் குடும்பத்தைப் போன்றது.

நமது கோரிக்கை

நாம் கேட்பவை வானத்து நட்சத்திரங்களல்ல. மாணவ தாதியர் பயிற்சிக் காலத்திலே விடுதியின் ஆட்கணக்கில் சேர்க்கப்படலாகாது. போதனாசிரியரின் மேசையிலிருந்து எழுதுவினைஞரின் வேலை அகற்றப்பட வேண்டும். அவரது நேரத்தின் பெரும்பகுதி கட்டிலருகே கழிய வேண்டும். புதிதாக நியமனம் பெற்று வரும் தாதியை முதல் நாளே முப்பது நோயாளருக்கு நடுவே தனியே விட்டுவிடாது, சில மாதங்களுக்கேனும் அவளருகே ஆசிரியர் ஒருவர் நிற்க ஒவ்வோர் ஆதார வைத்தியசாலையிலும் ஏற்பாடு வேண்டும். கற்றுக்குட்டி நிலையிலிருந்து வல்லுநர் நிலைக்குத் தாதி படிப்படியாகவே உயர்கின்றாள் என்பதைப் பற்றீசியா பெனர் 1984இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். அந்தப் படிகளில் ஏறக் கைகொடுப்பார் வேண்டுமல்லவா?

கற்பிப்போரும் பணிசெய்வோரும் இரு வேறு சாதியாராய்ப் பிரிந்து நிற்றலும் ஒழிய வேண்டும். தமிழ்நாட்டின் வேலூரிலே ஐடா ஸ்கடர் 1909இல் தொடங்கிய தாதியர் பாடசாலை 1946இற் பட்டக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே ஆசிரியர் விடுதியிலும் பொறுப்பேற்கின்றனர். கற்பித்ததை அவர்களே செய்தும் காட்டுகின்றனர். நமது கரையிலும் அது நடக்கலாம். போதனாசிரியரின் ஊதியமும் பதவி உயர்வும் அவர் பொறுப்பிற்கு ஏற்றவாறு அமைய வேண்டும் என்பதைத் தனியே கூறவும் வேண்டுமா?

ஆசிரியத் தோழர்களே, கற்பித்தல் என்பது என்னவென்று பிறர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேசையில்லாமல், கரும்பலகையில்லாமல், ஒரு மனிதன் முனகிக்கொண்டிருக்கும் கட்டிலருகே வகுப்பெடுக்கும் உங்கள் சகோதரியை உங்கள் சங்கங்களின் கோரிக்கைகளிலே சேர்த்துக்கொள்ளுங்கள். தாதியர் பயிற்சிக்கு விஞ்ஞானப் பிரிவில் உயர்தரம் சித்தியடைய வேண்டியிருக்கிறது. ஆகவே நமது கிராமத்துப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரைப் பெற்றுத்தரும் போராட்டமும் சுகாதாரப் போராட்டமே. 1945இலே கிடைத்த இலவசக் கல்வி, வரிப்பத்தான்சேனைப் பெண்பிள்ளையின் கையில் ஒரு பரிசோதனைக் குழாயாக வந்து சேராதவரை அது முழுமை பெற்றதாகாது.

மாணவத் தோழர்களே, உங்கள் வீடுகளிலே தங்கையரின் எதிர்காலம் பேசப்படும்போது வாய்திறவுங்கள். தாதியாவதற்கும், தாதியருக்கு ஆசிரியையாவதற்கும் அவர்களுக்கு உரிமையுண்டு என்று சொல்லுங்கள். நாளை நமது தந்தை வரப்பிலே பாம்பு தீண்டி வீழ்ந்தால், அவரது இரத்தத்தை ஏந்திய கண்ணாடிக் குழாயை எவரோ ஒரு பெண் 20 நிமிடம் ஆடாமல் அசையாமல் காவல் காக்க வேண்டியிருக்கும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை இருந்தாளா என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்டுப் பயனில்லை. இன்றைக்கே, ஒன்றாய் நின்று, உரக்கக் கேட்போம்.